பாறை நிலத்தில் கழிப்பறை: தோட்டத்துக் கொட்டாய் வீட்டுக்கு எது பொருந்தும், எப்படிப் பராமரிப்பது

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பையின் நிறத்தில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது மண்ணில். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது இரண்டு மடங்கு உண்மை. பென்னாகரம், நல்லம்பள்ளி, பர்கூர், வேப்பனப்பள்ளி, அஞ்செட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே கரும்பாறை. சில மேட்டுக் காட்டு நிலங்களில் மண்வெட்டி இரண்டாவது வெட்டிலேயே பாறையில் மோதும். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வரும் தண்ணீர் இந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. கழிவுநீரை அந்த வெடிப்பில் இறக்கினால் அதை வடிகட்ட நடுவில் மண் என்று ஒன்று கிடையாது; போன வழியே உங்கள் போருக்கோ பக்கத்துக் கொட்டாய்க்காரரின் போருக்கோ வந்து சேரும்.

ஆகவே கழிப்பறையைத் தேர்ந்தெடுப்பது என்றால், கழிவுநீர் எங்கே போகும் என்பதை முடிவு செய்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் குழி வெட்டிப் பாருங்கள்

மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கழிவுக்குழி வரப்போகும் இடத்தில் ஒரு அடி அகலத்தில் மூன்று, நான்கு அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். எத்தனை அடியில் மண் மாறுகிறது, எங்கே சரளை, எங்கே பாறை என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரைக் குடித்துவிடும், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. மறுநாள் காலை அடியில் இரண்டு இன்ச் ஜல்லி பரப்பி, அதற்கு மேல் ஆறு இன்ச் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு அரை மணி நேரம் கழித்து அளவு பாருங்கள்.

அரை மணியில் ஒரு இன்ச்சோ அதற்கு மேலோ சீராக இறங்கினால் மண் உறிஞ்சும். அரை இன்ச்சுக்கும் குறைவாக இறங்கினால் களி அல்லது சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் மண். அங்கே உறிஞ்சுகுழி கட்டினால் முதல் மழைக்காலத்திலேயே கோப்பையில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். மூன்றாவது ஒரு நிலை உண்டு, அதுதான் ஆட்களை ஏமாற்றுவது: ஊற்றிய தண்ணீர் சில நிமிடங்களில் மாயமாகிவிடும், அடியில் பாறை தெரியும். "நல்லா இழுக்குது" என்று மேஸ்திரி சந்தோஷப்படுவார். அது பாறை வெடிப்பு. அந்த இடத்தில் எந்தக் குழியும் வேண்டாம்.

மழைக்கால நீர்மட்டத்தையும் விசாரியுங்கள். கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்ப் பாசனம் பாயும் வயலோரங்களில் கோடையில் வறண்டிருக்கும் குழி ஐப்பசியில் ஊற்றெடுக்கும். அக்கம்பக்கக் கிணற்றில் அதிகபட்சம் எதுவரை தண்ணீர் ஏறும் என்று வயதானவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

மண் நன்றாக இருந்தால்: இரட்டைக் குழி

ஐந்து ஆறு அடிக்கு மேல் நல்ல மண், மழைக்கால நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து ஆறரை அடிக்கும் கீழே, கிணறும் போரும் ஐம்பது அடிக்கு அப்பால். இந்த மூன்றும் இருந்தால் இரட்டை உறிஞ்சுகுழியைப் போல மலிவானதும் தொல்லை இல்லாததும் வேறில்லை.

ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒவ்வொரு குழியும் உள் விட்டம் மூன்றேகால் அடி, பைப் நுழையும் மட்டத்துக்குக் கீழே மூன்றேகால் அடி ஆழம், அதற்கு மேல் ஒரு அடி. இரண்டு குழிக்கும் நடுவே குறைந்தது மூன்றேகால் அடி மண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் குழியின் நீர் ஓய்வில் இருக்கும் குழிக்குள் கசியும். செங்கல்லை ஒரு வரிசை முழுதாகவும் அடுத்த வரிசை இரண்டு இன்ச் இடைவெளி விட்டும் கட்டுங்கள். பைப்புக்கு மேலே இடைவெளி வேண்டாம். அடியில் சிமெண்ட் போடக் கூடாது. ஓட்டை போட்ட சிமெண்ட் உறை இறக்கினாலும் சரிதான்.

கோப்பை முக்கியம். கடையில் எடுத்த எடுப்பில் காட்டும் கோப்பைக்கு ஒவ்வொரு முறையும் அரை வாளிக்கு மேல் ஊற்ற வேண்டும். கிராமத்து மாடல் என்று கேட்டு வாங்குங்கள். அதன் சரிவு செங்குத்தாக இருக்கும், தண்ணீர் நிற்கும் வளைவு 20 மில்லிமீட்டர்தான், ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் சுத்தமாகப் போய்விடும். குழிக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குழிக்கு ஆயுள். குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் இதில் சேரவே கூடாது.

கோப்பைக்கும் குழிகளுக்கும் நடுவில் ஒய் வடிவத் தொட்டி ஒன்று வரும். ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து ஒரு குழியை மட்டும் ஓடவிட வேண்டும். பல வீடுகளில் இரண்டு வாயும் திறந்தே கிடக்கும். இரண்டு குழியும் சேர்ந்து நிறைந்த பிறகுதான் தெரியவரும், அப்போது ஓய்வு கொடுக்க வேறு குழி இருக்காது. ஒரு குழி ஏறத்தாழ மூன்று வருடம் தாங்கும். நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றி, பழையதைக் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடம் மூடி வைத்தால் உள்ளிருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும். இதற்குக் காற்றுக் குழாய் தேவையில்லை. வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும்.

செப்டிக் டேங்க்: பெயர் ஒன்று, கட்டுவது வேறு

நம் பக்கம் செப்டிக் டேங்க் என்று சொல்லிக் கட்டப்படுவதில் பெரும்பகுதி அடிபோடாத பெரிய குழி. "பத்துக்குப் பத்து போட்டுட்டா ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம்" என்பார்கள். எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

உண்மையான டேங்க் சிறியது. ஐந்து பேருக்கு உள்ளளவு நீளம் ஐந்து அடி, அகலம் இரண்டரை அடி, நீர் ஆழம் மூன்றேகால் அடி, மேலே ஒரு அடி காலி. இதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கட்டலாம், ஆனால் அடிமுதல் சுவர்வரை நீர் கசியாமல் பூச வேண்டும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு தடுப்புச் சுவர். உள்ளே வரும் பைப்பிலும் வெளியே போகும் பைப்பிலும் டி வடிவ இணைப்பு போட்டு அதன் கீழ்முனை நீருக்குள் ஒரு அடி இறங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் பாலாடை போல மேலே மிதக்கும் கழிவு ஆடை வெளியே போகாது. வெளியேறும் பைப் உள்வரும் பைப்பைவிட இரண்டு இன்ச் தாழ்வாக. மூடி போடுவதற்கு முன் டேங்கை நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் பூச்சு சரியில்லை, அப்போதே மேஸ்திரியைத் திரும்பப் பூசச் சொல்லுங்கள்.

டேங்கிலிருந்து வெளியே வருவது தெளிந்திருந்தாலும் கிருமி நிறைந்த தண்ணீர்தான். அதைத் தெருக் கால்வாயில் விடுவது குற்றம், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நோய். பாறை மேலாக இருக்கும் நிலத்தில் ஆழமான உறிஞ்சுகுழிக்குப் பதில், தரைமட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிய ஜல்லிப் படுக்கையில் கல்வாழையோ வாழையோ நட்டு அதில் பாய்ச்சுவது மேல்.

கசடும் ஆடையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நீளக் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் கசடின் உயரம் கறையாகத் தெரியும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும். 14420 என்ற எண்ணில் லாரி கேட்கலாம். டேங்க் மூடிவரை லாரியின் குழாய் எட்டும்படி வழி விட்டுக் கட்டுங்கள், வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம். அள்ளியதை எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் மாந்தோப்பிலேயே கொட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பச்சைக் கசடில் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். அதைவிடப் பெரிது, டேங்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒருவரை நொடிகளில் மயங்கி விழச் செய்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் அதே போல விழுவார். செத்த கோழியோ அடைப்போ எதுவானாலும் வெளியிலிருந்தே எடுக்க வேண்டும்.

ரயில் பெட்டிகளில் இருக்கும் பயோ டைஜெஸ்டர் தொட்டியை விற்பவர்கள் "கழிவே மிஞ்சாது" என்பார்கள். அளவில் கசடு குறையும், உண்மை. வெளியேறும் நீர் அப்படியே இருக்கும், அதற்கும் ஜல்லிப் படுக்கை வேண்டும். ஆசிட்டும் பினாயிலும் ஊற்றினால் உள்ளிருக்கும் பாக்டீரியா செத்துவிடும்.

பாறை மேலாக இருந்தால்: உலர் கழிப்பறை

பள்ளம் தோண்டவே வேண்டாம், போருக்கு ஆபத்து மிகக் குறைவு, கோடையில் குடத்துக்குக் காத்திருக்கும் வீட்டிலும் ஓடும். சிறுநீர், மலம், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறை இது. திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த முறையில் பொதுக் கழிப்பறையே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் வீடு, அடியில் பாறை, பக்கத்தில் போர் என்று இருக்கிற குடும்பத்துக்கு இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வோம். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும். ஒருவர் பழக மறுத்தாலும் கெட்டுப்போகும்.

தரையை ஒரு அடி உயர்த்தி நான்கு இன்ச் கான்கிரீட் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, அப்படிப்பட்ட மழைநீர் மலம் சேரும் அறைக்குள் நுழைந்தால் ஒரு வருட வேலை வீண். அதன் மேல் இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் உள்ளளவு மூன்றரை அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஐந்து பேருக்கு ஒரு அறை சுமார் ஒரு வருடம் வரும். சுவருக்கு உள்ளூர்க் கருங்கல்லோ சிமெண்ட் பிளாக்கோ போதும், உள்ளே ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நான்கு பங்கு மணல் கலவையில் பூச வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒன்றரை அடிச் சதுரக் கதவு, வெயில் அடிக்கும் தெற்கு அல்லது மேற்குப் பார்த்து. கதவுக்கு ஒரு சிமெண்ட் பலகை வைத்து ஓரத்தை மண்சாந்தில் பூசினால் திறக்கும்போது எளிதாக உடையும். அறையின் மேல் மூடு பலகை நான்கு இன்ச், கம்பி கட்டி.

இப்படிக் கட்டினால் ஐந்தாறு படி ஏற வேண்டிவரும். முழங்கால் வலியோடு ஏறுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. சரிவான நிலம் இருந்தால் மேட்டுப் பக்கம் வாசல் வைத்து, பள்ளத்துப் பக்கம் அறைக் கதவு வையுங்கள். படியே இல்லாமல் நடந்து போய்விடலாம். நம் இரண்டு மாவட்டத்திலும் சரிவில்லாத காடு குறைவு, ஆனாலும் இதை யோசிக்காமல் சமதளம் தேடுகிறார்கள்.

ஒவ்வொரு அறையிலிருந்தும் நான்கு இன்ச் பைப் ஒன்று கூரைக்கு மேல் இரண்டு அடி உயரட்டும். கறுப்பு அடித்தால் வெயிலில் சூடேறிக் காற்றை மேலே இழுக்கும். வாயில் துருப்பிடிக்காத எஃகு வலை கட்டுங்கள், நைலான் வலை வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும்.

கோப்பையில் நடுவில் மலத்துளை, முன்பக்கம் சிறுநீர்க் கிண்ணம், பின்பக்கம் கழுவும் கிண்ணம். ஃபைபர் கோப்பைகள் கிடைக்கின்றன. சிறுநீர்ப் பைப் ஒன்றரை இன்ச், நல்ல சரிவு, கூர்மையான முட்டுகளே வேண்டாம். இரும்போ பித்தளையோ சேரக் கூடாது, அரித்துவிடும். பைப்பின் முனை சிறுநீர் சேரும் கேனின் அடிவரை இறங்கியிருந்தால் அம்மோனியா நெடி கிளம்பாது. கழுவும் தண்ணீர் தனிப் பைப்பில், ஐந்தடிக்கு மூன்றடி ஜல்லிப் படுக்கைக்குப் போகட்டும். ஒரு நாளுக்குப் பத்து லிட்டர்தான் வரும், நான்கைந்து கல்வாழை அதைக் குடித்துவிடும்.

தினசரிப் பழக்கம்

புதிய அறையில் முதலில் இரண்டு இன்ச் காய்ந்த மண்ணும் சாம்பலும் பரப்புங்கள். ஒவ்வொரு முறை போனதும் ஒரு பெரிய டம்ளர் சாம்பலை மலத்தின் மேல் தூவி, துளையை மூடிவிட்டு, பின்னால் நகர்ந்து கழுவ வேண்டும். இந்த நகர்தல்தான் எல்லாம். ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், நின்றால் தெறித்து நடுத்துளைக்குள் போகும்.

ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சாம்பல் செலவாகும். கேஸ் அடுப்பு வீட்டில் அது கிடைக்காது. விறகு எரிக்கும் டீக்கடை, கரும்புச் சக்கை எரித்து வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டாய் இவற்றில் சொல்லி வைத்து மூட்டையாக வாங்குங்கள். சலித்த காய்ந்த செம்மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்தால் நீடித்து வரும். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம், அதில் உள்ள உலோகம் பயிருக்குப் போகும். மழைக்காலத்துக்கு முன்பே மூன்று மாதத்துக்கானதை ஒரு மூடிய டிரம்மில் சேர்த்துவிடுங்கள். கார்த்திகையில் ஈரச் சாம்பலைத் தூவுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான்.

நாற்றம் வந்தால் காரணத்தைத் தேடுங்கள், பினாயில் ஊற்றாதீர்கள். அறையைத் திறந்து பார்த்தால் ஈரம் தெரியும். விருந்தாளி நகராமல் நடுத்துளை மேலேயே கழுவியிருக்கலாம், குழந்தை தண்ணீர் ஊற்றியிருக்கலாம், கதவோரம் மழை கசிந்திருக்கலாம். ஐந்தாறு டம்ளர் சாம்பலும் ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூளும் போட்டு, கசிவை அடைத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். வெள்ளைப் புழு நெளிந்தாலும் காரணம் ஈரமும் சாம்பல் குறைவும்தான், அல்லது வலை கிழிந்திருக்கும். அறை காய்ந்திருந்தும் நெடி அடித்தால் அது சிறுநீர்ப் பைப்: உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து தேங்கியிருக்கும். மாதம் ஒரு முறை அரை லிட்டர் வினிகரை ஊற்றி இரவு விட்டு, காலையில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றுங்கள். தலைமுடி, நாப்கின், டயப்பர் எதையும் எந்தத் துளையிலும் போடக் கூடாது.

சிறுநீரும் உரமும்

ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு ஆறு, ஏழு லிட்டர் சேரும். இருபது லிட்டர் கேன் மூன்று நாளில் நிறையும், ஆகவே மூடியுள்ள கேன்கள் குறைந்தது மூன்று வையுங்கள். ஒருவரின் ஒரு வருடச் சிறுநீரில் சுமார் இரண்டு கிலோ தழைச்சத்து இருக்கிறது, யூரியா மூட்டை தூக்கி வருகிறவர்களுக்கு இது என்ன என்று தெரியும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, தண்டிலிருந்து அரை அடி தள்ளிக் கீறிய சாலில் ஊற்றி மண்ணை மூடுங்கள். இலையில் படக் கூடாது. தென்னை, வாழை, மா, மல்பெரி, சூப்பர் நேப்பியர் தீவனப்புல் எல்லாம் ஏற்கும். சொந்த வீட்டு உபயோகத்துக்கான தக்காளி, கத்தரிக்கு அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். கீரைக்கு வேண்டாம். விற்கிற பயிருக்கோ பல வீட்டுச் சிறுநீர் சேர்ந்தாலோ ஆறு மாதம் மூடி வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அறை முக்கால்வாசி நிறைந்ததும் குச்சியால் சமப்படுத்தி, நான்கு இன்ச் சாம்பல்மண் போட்டு, அந்தத் துளையைக் கல்லால் மூடி, மூடிய தேதியைச் சுவரில் எழுதிவிட்டு அடுத்த அறைக்கு மாறுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வருடத்துக்கு மேல் உலர்ந்தால் கிருமி செத்துவிடும், உருண்டைப்புழு முட்டைதான் கடைசிவரை தாங்கும். எனவே பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு நாள் முன்னால்கூடத் திறக்காதீர்கள். கல்யாணம், திருவிழா என்று ஆள் அதிகம் வந்து அறை எட்டு மாதத்தில் நிறைந்துவிட்டால், உறவினர் கூடும் நாட்களுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள், அல்லது மூன்றாவது அறை ஒன்று கட்டிவிடுங்கள். திறந்தால் பொலபொலவென்று உதிரும், காட்டு மண் வாசம் வரும். ஈரமாகவோ நாற்றத்தோடோ இருந்தால் திரும்ப மூட வேண்டும். சரியாக உலர்ந்ததையும் கையுறை, பூட்ஸ், முகக்கவசத்தோடு அள்ளி, மரத்தைச் சுற்றி ஒரு அடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

பணமும் ஏற்கெனவே கட்டிய வீடும்

தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. கடைக்கால் எடுப்பதற்கு முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். உலர் கழிப்பறை என்றால் குழி எங்கே என்று கேட்பார்கள், பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

அடிபோடாத குழி ஏற்கெனவே போருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து நைட்ரேட், மலத்திலிருந்து வரும் ஈ. கோலி கிருமி இரண்டையும் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது. காய்ச்சினால் ஈ. கோலி சாகும், நைட்ரேட் குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடிலிருந்து தப்பவும் அதுதான் நல்லது. பிறகு லாரி வைத்துக் குழியைக் காலி செய்து, உள்ளே யாரையும் இறக்காமல் சுண்ணாம்பு தூவி, செம்மண் போட்டு நிரப்பி மூடிவிட்டு, போரிலிருந்து நீர் ஓடும் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் புதிய இடம் பாருங்கள். மழைக்காலம் முழுக்க ஓடிய பிறகு ஆய்வகத்தில் மீண்டும் ஒரு முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். பாறை வெடிப்பில் தங்கியது வெளியேற ஒரு மழைக்காலம் போதாமலும் போகலாம்.